அபூ நஸூஹின் எண்ணெய்த் திருடன்

என் மச்சான் அபூ நஸூஹ் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துவிட்டால், காய்கறிக் கடை பர்ஹூம் கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் வந்து நின்றுகொள்வான். பிரயோசனம் இருக்காது. மச்சான் அவனை முழங்கையால் ஒதுக்கிவிட்டுக் கூடைக்குள் கையை விட்டுவிடுவார்.

"எப்பப் பறிச்சது?"

"விடியக்காலைல, அண்ணே. ஆத்தங்கரைத் தோட்டம். சத்தியமா."

"சத்தியம் எதுக்கு? நான் கேட்டேனா? கேக்காமலே பண்றே பாரு, அங்கதான் இடிக்குது."

அப்புறம் சோதனை ஆரம்பமாகும். முதலில் காம்பு. வெட்டின இடம் ஈரமாக, பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் பர்ஹூமின் விடியக்காலை நேற்றைய விடியக்காலை. பிறகு காம்பைச் சுற்றியிருக்கும் குல்லாய். அதன் முள் விரலில் சுருக்கென்று குத்த வேண்டும். குத்தாத காய் கிழடு. பிறகு கட்டைவிரலால் ஓர் அழுத்து. குழி விழுந்து அப்படியே நின்றால் தூக்கிப் போடு, எழும்பி வந்தால் மேலே பார். அடியில் பூ விழுந்த வடுவைத் திருப்பிப் பார்ப்பார். எல்லாவற்றிலும் தேறின காயைக் கடைசியாக உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, லேசாகத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்ப்பார். கூட்டம் பின்னால் நின்று பல்லைக் கடிக்கும். அவருக்கென்ன!

"கனமா இருக்கு. உள்ளே எதையோ ஒளிச்சு வச்சிருக்கு" என்று திரும்பப் போடுவார்.

"கத்திரிக்காக்குள்ள என்னண்ணே ஒளிஞ்சிருக்கப் போவுது? விதைதான்!"

"அதைத்தான்யா நானும் சொல்றேன்."

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஹிம்ஸில் எங்கள் தெருவுக்கே தெரியும். ஓய்வு பெறும்வரை ஒரு நெசவு ஆலையின் வாசலில் காவல் நின்றவர் அவர். வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிப்பதுதான் உத்தியோகம். பையைத் திறப்பதற்கு முன்னால் கையில் தூக்கிப் பார்ப்பாராம். மத்தியானம் சாப்பிட்டு முடித்தவன் பை லேசாகத்தானே இருக்க வேண்டும்? கனத்தால் உள்ளே நூல்கண்டு. அவர் கை ஒரு தடவைகூடத் தப்பினதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். தப்பினது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

வஞ்சகமில்லாமல் ஒன்று சொல்ல வேண்டும். சுடுவதற்கும் பொரிப்பதற்கும் அவர் வாங்கிவந்த காயை மிஞ்ச ஆள் கிடையாது. கரியில் சுட்டு எள்ளு விழுது கலந்தால் ஒரு விதை பல்லில் சிக்காது, கசப்பென்பதே இருக்காது. தெருப் பெண்கள் கூடையை அவரிடமே கொடுத்தனுப்புவார்கள். என் அக்கா பஹிய்யா, அதாவது அவர் மனைவி, மற்ற நாளெல்லாம் இந்தப் பெருமையில் பூரித்துப்போவாள். மக்தூஸ் போடுகிற மாசம் மட்டும் முகத்தைச் சுளிப்பாள்.

மக்தூஸுக்கு விரல் நீளக் குட்டிக் காய்தான் வேண்டும். அதை முழுசாக வேகவைத்து, வயிற்றைக் கீறி உப்பு தடவி, கல்லைத் தூக்கி மேலே வைத்து, கறுத்த தண்ணீர் முழுக்க வடிய விட வேண்டும். பிறகு வால்நட்டும் வெயிலில் காய்ந்த சிவப்பு மிளகாய் விழுதும் பூண்டும் அடைத்து, ஜாடியில் நெருக்கி அடுக்கி, கவிழ்த்துவைத்து, மிச்சத் தண்ணீரும் போன பிறகு, கழுத்துவரை ஆலிவ் எண்ணெய். குளிர்காலம் முழுக்கக் காலை ரொட்டிக்கு அதுதான். எங்கள் ஊரில் மக்தூஸ் ஜாடி இல்லாத வீடு குடித்தனம் நடக்கிற வீடே இல்லை.

"சதைப்பிடிப்பா, கையில கொஞ்சம் கெட்டியா இருக்கணும்டி நஜாஹ்" என்பாள் அக்கா என்னிடம். "இந்த மனுஷன் பஞ்சைப் பொறுக்கிட்டு வர்றார். பஞ்சு சும்மா இருக்குமா? ஊத்த ஊத்தக் குடிக்குது."

அதுதான் விஷயம். ஜாடியில் ஊற்றின எண்ணெய் மறுநாள் பார்த்தால் இறங்கியிருக்கும். காய் குடித்துவிடும். உடனே மேலே ஊற்றி மூடாவிட்டால் தலை காய்ந்து பூஞ்சை பிடித்துவிடும். காய் லேசாக இருக்க இருக்கக் குடியும் அதிகம். மச்சான் ஆலையில் நிற்கும் நேரத்தில் அக்கா ஊற்றுவாள், ஊற்றிக்கொண்டே இருப்பாள். குளிர்காலம் முடிவதற்குள் எண்ணெய் டின் காலியாகிவிடும்.

டின் எங்கே போகிறது என்று மச்சான் கேட்டார். "மக்தூஸ் குடிச்சிடுச்சு" என்று அக்கா சொன்னாள். சொன்னால் நம்புகிற ஆளா! கத்தரிக்காயை அவரைவிட யாருக்குத் தெரியும்? காய் எண்ணெய் குடிக்குமாம், இவளே பார்த்தாளாம். அப்போது நான் கீழ் வீட்டில், புருஷனைப் பறிகொடுத்து மூன்று பிள்ளைகளோடு தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். மேல் வீட்டில் எண்ணெய் குறைகிறது, கீழ் வீட்டில் தங்கச்சி கஷ்டப்படுகிறாள். வாசல் காவலருக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்!

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எண்ணெய் அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினார், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஊற்ற வேண்டிய நேரமெல்லாம் அக்கா அவர் முன்னால் கிண்ணத்தோடு நிற்க வேண்டும். அவர் அளந்து ஊற்றுவார். "இன்னைக்கும் குடிச்சிடுச்சாக்கும்?" என்பார். என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பெருநாளைக்குக் கொடுத்தனுப்பும் பலகாரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பியனுப்புவார். அக்கா இறந்த நாற்பதாம் நாள் அவள் சால்வையை ஞாபகத்துக்கு என்று எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அழுது வீங்கின முகத்தோடு வாசலில் நின்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

அக்கா இறந்த வருஷம் அந்த வீட்டில் மக்தூஸ் போடவில்லை. அடுத்த வசந்தத்தில் மகன் நஸூஹுக்குக் கல்யாணம் நடந்தது. பஸ் பட்டறையில் மெக்கானிக் அவன், அம்மாவைப் போல இளகின மனசு. பெண் ருவைதா வடக்கே சல்கீன் ஊர்க்காரி. அவள் வாப்பா ஹாஜி மஹ்ரூஸுக்கு ஆலிவ் தோப்பு உண்டு. எண்ணெய்க்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குப் போய் எங்கள் வீட்டு டின்மேல் ஆசை வரும் என்று யாராவது நினைப்பார்களா? மச்சான் நினைத்தார்.

"எண்ணெயோட அருமை தெரிஞ்சவதான் எண்ணெய் எடுப்பா" என்று மகனிடம் சொன்னாராம். அவன் சிரித்திருக்கிறான். சிரித்தது தப்பு.

செப்டம்பர் வந்ததும் மச்சான் பர்ஹூம் கடையில் ஒரு காலைப்பொழுதையே கழித்து, குட்டிக் காய்களாக ஒரு பெரிய பை நிறையப் பொறுக்கி வந்தார். எல்லாம் தக்கை மாதிரி. படியில் என்னைப் பார்த்துவிட்டுப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார், நான் பறித்துக்கொண்டு ஓடிவிடுவேனாம்.

ருவைதா சுறுசுறுப்பான பிள்ளை. வேகவைத்தாள், அழுத்தினாள், அடைத்தாள், அடுக்கினாள். எண்ணெயை மட்டும் மாமனாரே ஊற்றினார். ஊற்றி முடித்துவிட்டு ஒரு காரியம் செய்தார். அக்காவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்து, ஒவ்வொரு ஜாடிக்கும் எண்ணெய் நிற்கிற மட்டத்தில் இறுக்கிக் கட்டினார்.

"எதுக்கு மாமா நூலு? கண்ணு படாம இருக்கவா?" என்று அவள் வெள்ளந்தியாகக் கேட்டிருக்கிறாள்.

"ஆமாம்மா. சில கண்ணு படாம இருக்கத்தான்."

மறுநாள் காலை நூலுக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது எண்ணெய். வேறென்ன ஆகும்? ருவைதா கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மாமா, அலமாரியைத் திறங்க. கொஞ்சம் ஊத்தணும். காய் குடிச்சிடுச்சு."

எனக்கு இது கீழே ஜன்னல் வழியாகக் கேட்டது. அக்கா குரலே எழுந்து வந்த மாதிரி உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு மச்சான் குரல் மட்டும் மெதுவாக, ஆலை வாசல் குரலில் வந்தது.

"இதை உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே மாமா."

"எங்க ஊர்லயும் ஒருத்திக்குத் தெரியும். கீழ் வீட்டுல இருக்கா."

அலமாரி திறக்கவில்லை. நான் ஜன்னலைப் படாரென்று சாத்தினேன். மேலே கேட்டிருக்கும், கேட்கட்டும்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, ஊரே கதவைச் சாத்திப் படுக்கிற மத்தியானத்தில், நான் துணி உலர்த்தப் போனபோது ருவைதா படியேறிக்கொண்டிருந்தாள். பட்டறைக்கு நஸூஹுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற தோல் பை, தோளில் கனத்துத் தொங்கியது. வாய்வழியே ஒரு பாட்டில் கழுத்து எட்டிப் பார்த்தது. பச்சைமஞ்சளாக எண்ணெய். என்னைக் கண்டதும் பையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு, "சின்ன மாமி, பார்த்ததா காட்டிக்காதீங்க" என்றுவிட்டு ஓடினாள்.

அந்த மனுஷன் சொல்வது நிஜம்தானோ? எண்ணெய் உள்ளே போகிறதா வெளியே போகிறதா? வெளியே கொண்டுபோய் விற்க முடியாமல் திரும்பக் கொண்டுவருகிறாளோ? அன்று பூராவும் மனசு அரித்தது. சந்தேகம் சொறி மாதிரிதான், பக்கத்தில் இருந்தால் ஒட்டிக்கொள்கிறது.

மறுநாள் மச்சானுக்கு உலகமே தலைகீழாகிவிட்டது. ஜாடிகளில் எண்ணெய் நூல் மட்டத்துக்குத் திரும்ப ஏறியிருந்தது. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறைவும் இல்லை. இறங்கினதாவது பரவாயில்லை. திருடினதைக் கொண்டுவந்து வைக்கிற திருடனை அவர் ஆலை வாசலில் பார்த்ததேயில்லை. விரலை விட்டு நக்கிப் பார்த்தார். தொண்டையில் காரமாக இறங்கியது. அது அவர் வாங்கின எண்ணெய் இல்லை.

முடிவு கட்டிவிட்டார். நல்ல எண்ணெயை உருவிக்கொண்டு ஏதோ கண்டதை ஊற்றி மட்டம் சரிசெய்கிறாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ருவைதா எங்கள் ஊரிலேயே பிரசவித்திருந்த ஒன்றுவிட்ட அக்காளைப் பார்க்கப் புறப்பட்டாள். நஸூஹ் தெருவில் வண்டி பிடிக்கப் போயிருந்தான். படி முழுக்க ஆட்கள், மாடி வீட்டுப் பெண்களும் தொழுகை முடிந்து வந்தவர்களும் நானும். வாசலில் மச்சான் நின்றிருந்தார், கால்களை அகட்டி, கையை முன்னால் நீட்டி, அந்தக் காலத்தில் நின்ற மாதிரியே.

"பையைக் குடு."

"என்ன மாமா?"

"பையைக் குடும்மா, பார்த்துட்டுத் தர்றேன்."

"மச்சான்!" என்று நான் கத்தினேன். "பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு? வீட்டுக்கு வந்த பொண்ணு அவ, ஆலைக்கு வந்த கூலியாளா?"

"நீ பேசாதே நஜாஹ். உனக்கு வலிக்கும்னு எனக்குத் தெரியும்."

அவர் பையை வாங்கவில்லை, பிடுங்கினார். கையில் தூக்கி எடை பார்த்தார். கனமாக இருந்தது. உள்ளே கையை விட்டார். ஒரு புதுமணப் பெண்ணின் பைக்குள், அத்தனை பேர் பார்க்க.

ருவைதா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பையை அவர் கையிலிருந்து வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். பிறந்த குழந்தைக்குப் பின்னின கம்பளிச் சட்டை, ஒரு டப்பா இனிப்பு, சீப்பு, கைக்குட்டை, அப்புறம் சொல்ல வெட்கமான பெண்கள் சாமான் இரண்டு, எல்லாம் படியில் உருண்டன.

"நல்லாப் பார்த்துக்குங்க மாமா. உங்க எண்ணெய் இதுல இருக்கா?"

"அப்போ ஜாடியில இருக்கிறது யார் எண்ணெய்?"

"எங்க வாப்பா எண்ணெய்! பஸ்ஸுல குடுத்தனுப்பச் சொல்லி வாங்கி ஊத்துனேன். நீங்க பூட்டி வச்சா காய் காய்ஞ்சு பூஞ்சை பிடிக்காதா? உங்க வீட்டு மக்தூஸ் கெட்டுப்போச்சுன்னு நாளைக்கு நாலு பேர் சொன்னா யாரைச் சொல்லுவாங்க, என்னைத்தானே!"

"உங்க வாப்பா எண்ணெயை ஊத்துனியாக்கும். அப்போ என் எண்ணெய் எங்கே?"

"காய் குடிச்சிடுச்சு" என்றாள் அவள், ஒவ்வொரு எழுத்தாக.

கீழே கிடந்த எதையும் பொறுக்கவில்லை. குழந்தைச் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கி, நஸூஹ் பிடித்துவந்த வண்டியில் ஏறி, பஸ் நிலையத்துக்குப் போகச் சொன்னாள். பிள்ளைபெற்றவள் வீட்டுக்கில்லை, நேராகச் சல்கீனுக்கு.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த நஸூஹ் அன்று சாயங்காலம் வாப்பாவிடம் சண்டைகூடப் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. துணியை மடித்துப் பெட்டியில் வைத்தான். "அவ திரும்ப வர மாட்டேங்கிறா. நான் அங்க போறேன். மாமனார் தோப்புல டிராக்டர் ஓட்டி ரிப்பேர் பார்த்தா எனக்குச் சோறு கிடைக்கும். நீங்க உங்க ஜாடிகளோட இருங்க வாப்பா" என்றான்.

"போ. போற பையைக் காட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார் இந்த மனுஷன். தன் வாயாலேயே. சொன்னதும் முகம் வெளுத்தது, ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவருக்கு ஏது! மகன் போய்விட்டான். மனைவியைக் கபரில் வைத்தாகிவிட்டது, மகனைத் துரத்தியாகிவிட்டது, மிச்சம் இருந்தது பூட்டும் சாவியும்.

இனி எண்ணெய் குறையாது என்று அவருக்கு நிச்சயம். ஜாடிகளைத் தூக்கித் தன் படுக்கையறைத் துணி அலமாரிக்குள் வைத்தார். தன் டின்னிலிருந்து எண்ணெய் ஊற்றி, புது நூல் கட்டி, பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் பார்த்தால் எண்ணெய் நூலுக்குக் கீழே நிற்கிறது.

தெருவில் அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. பூட்டுக்காரனிடம் போய், "நான் வாங்கின பூட்டுக்கு இன்னொரு சாவி யாருக்குக் குடுத்தே?" என்று சட்டையைப் பிடித்திருக்கிறார். மகன் போகும்போது சாவியை அச்செடுத்துக்கொண்டானோ என்று பார்த்தார். கதவிடுக்கில் ஒரு மயிரை ஒட்டிவைத்தார். மயிர் அசையவில்லை, எண்ணெய் இறங்கியது. பூனைமேல் சந்தேகம் வந்து, என் பூனையின் வாயை மோந்து பார்த்தார். நான் என் கண்ணால் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. கடைசியில் ஜாடிகளை எதிரில் வைத்துக்கொண்டு நாற்காலியைப் போட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் வரவில்லை. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது எண்ணெய் நூலைவிட்டு இறங்கியிருந்தது, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

அப்போதுதான் என் கதவைத் தட்டினார். அவர் என் வாசலை மிதித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. கையில் ஒரு ஜாடி.

அன்று புதன்கிழமை. எங்கள் ஊர்க்காரனுக்குப் புதன்கிழமை கிறுக்குப் பிடிக்கும் என்று நாடே சிரிக்கும். "இன்னைக்கு என்ன கிழமைன்னு பார்த்துட்டுத்தான் வந்தீங்களா மச்சான்?" என்றேன். அவர் ஜாடியை என் தையல் மேஜைமேல் வைத்து, மூடியைத் திறந்தார். மேல் வரிசைக் காய்களின் தலை எண்ணெய்க்கு வெளியே நின்றது. ஒன்றிரண்டில் வெள்ளையாகப் பூஞ்சை.

"திருடன் யாருன்னு சொல்லு" என்றார். "நீயா இருந்தாலும் பரவாயில்ல. ஒண்ணும் செய்ய மாட்டேன். எப்படி எடுக்கிறேன்னு மட்டும் சொல்லு. என்னால தூங்க முடியல."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஜாடியைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். போடவில்லை. அடியிலிருந்து ஒரு காயை எடுத்தேன். அடைத்ததையெல்லாம் வழித்துத் தட்டில் போட்டேன். வெறும் காயை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"பர்ஹூம் கடையில பார்ப்பீங்களே, அப்படிப் பாருங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு பழக்கதோஷம், கண் தானாக மூடிக்கொண்டது. கை லேசாகத் தூக்கியது. ஒரு தரம். இன்னொரு தரம். கண்ணைத் திறந்தார்.

"கனமா இருக்கு."

"ம்."

"நான் வாங்கும்போது தக்கையா இருந்துச்சு. வேகவச்சு அழுத்தி, தண்ணியெல்லாம் எடுத்தாச்சு. உள்ளே ஒண்ணுமில்ல. எப்படிக் கனக்கும்?"

"உள்ளே எதையோ ஒளிச்சு வச்சிருக்கும். அமுக்கிப் பாருங்க."

அமுக்கினார். எண்ணெய் விரலிடுக்கில் பீறிட்டு, மணிக்கட்டில் வழிந்து, சட்டைக் கைக்குள் இறங்கியது. மேலும் அமுக்கினார். இன்னும் வந்தது. என் மேஜை விரிப்பெல்லாம் நாசம். நான் தடுக்கவில்லை. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பஹிய்யா சொன்னா" என்றார்.

"சொன்னா."

"வருஷா வருஷம் சொன்னா."

"ஆமா. நீங்க கிண்ணத்துல அளந்து ஊத்துனீங்க."

அவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எண்ணெய்க் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே அழுதார். நான் பாவம் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. ஒரு துண்டை மட்டும் எடுத்துப் போட்டேன்.

மறுநாள் சல்கீனுக்குப் போனோம். என்னையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று அடம். எங்கள் பக்கம் கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பெண்ணை அழைக்கப் பெரிய மனுஷர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். அவரை நம்பி வர எங்கள் தெருவில் நாலு பேர் இல்லை. நான் ஒருத்திதான்.

ஹாஜி மஹ்ரூஸ் வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. "என்ன அபூ நஸூஹ், எங்க வீட்டுப் பையையெல்லாம் சோதிக்கணுமா? நிறைய இருக்கு. எங்க இருந்து ஆரம்பிக்கிறீங்க?" என்றார். அவருக்குப் பின்னால் என் அக்கா மகன், அவன் தோளுக்குப் பின்னால் ருவைதா.

மச்சான் தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மாற்றுச் சட்டை, மாத்திரை, பொத்தான் போன உள்ளாடை, பாதி தின்ற ரொட்டி, பல்செட்டு வைக்கிற டப்பா, எல்லாம் ஹாஜியின் வாசலில் விழுந்தன. அப்புறம் கணகணவென்று எண்ணெய் அலமாரிப் பூட்டு, அது தொங்கின கொண்டி, ஆணிகள். கதவிலிருந்து பெயர்த்தே எடுத்து வந்திருக்கிறார். கடைசியாக நாலைந்து குட்டிக் கத்தரிக்காய் உருண்டோடின. புதுசாக மக்தூஸ் போட்டுக் கொடுக்கலாம் என்று பர்ஹூமிடம் பொறுக்கிய காய்கள்.

"பாரும்மா" என்றார். "நல்லாப் பார்த்துக்க. உன் பையை நான் பார்த்த மாதிரி பாரு."

பக்கத்து வீட்டு மாடியில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹாஜிக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ருவைதா முன்னால் வந்தாள். உள்ளாடையைத் தாண்டி, பூட்டைத் தாண்டி, ஒரு காயைக் குனிந்து எடுத்தாள். முள்ளைத் தொட்டாள், கட்டைவிரலால் அழுத்தினாள், கையில் தூக்கிப் போட்டுப் பார்த்தாள்.

"இது ஆகாது மாமா" என்றாள். "ரொம்ப லேசு. டின் டின்னாக் குடிக்கும்."

"இனிமே நீயே வாங்கும்மா. நான் கூடையைத் தூக்கிட்டு வர்றேன்."

"கூடையைத் தூக்கி எடை பார்ப்பீங்களா?"

"மாட்டேன்."

"பார்க்கலாம் மாமா, வாயாவது சும்மா இருக்கும்" என்றாள் அவள். அவள் அம்மா உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். பிறகுதான் ஹாஜி கதவை முழுசாகத் திறந்தார்.

நாலு பேரும் மைக்ரோபஸ்ஸில் திரும்பினோம். சின்னதுகள் இரண்டும் முன் இருக்கையில், நாங்கள் பின்னால். காலடியில் ஹாஜி கொடுத்த எண்ணெய் டின். பாதி வழியில் மச்சான் ஜன்னலைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"நஜாஹ், கோவிச்சுக்காதே. பஹிய்யா உனக்கு எண்ணெய் குடுத்ததே இல்லையா? ஒரு தடவைகூட?"

பாருங்கள் இந்த மனுஷனை! ஊசி முனையளவு இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது. நான் அவர் பக்கம் திரும்பினேன். இதைச் சொல்லக் கூடாதென்றுதான் இத்தனை வருஷம் வைத்திருந்தேன்.

"இல்ல மச்சான். என் புருஷன் செத்த வருஷம் என் பிள்ளைங்க ரொட்டியைத் தேத்தண்ணியில நனைச்சுத் தின்னுச்சுங்க. எண்ணெய் வாங்க எனக்கு வழியில்ல. அக்கா அதைத் தன் கண்ணால பார்த்தா. பார்த்துட்டு மேல போய் அழுவா, எனக்குக் கீழே கேக்கும். ஆனா ஒரு கிண்ணம் குடுக்கல. குடுத்தா நீங்க நினைச்சது நிஜமாயிடுமேன்னு பயந்தா. உங்ககிட்ட அவ வார்த்தை பொய்யாகிடக் கூடாதுன்னு என் பிள்ளைங்களைப் பட்டினி போட்டா. நானும் கேக்கல, அதே காரணம்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஹிம்ஸ் வரும்வரை நிமிரவில்லை.

மறுநாள் காலை என் கதவுக்கு வெளியே யாரோ நிற்கிற நிழல் தெரிந்தது. திறந்தேன். மச்சான், கையில் அக்காவின் கிண்ணம், விளிம்புவரை எண்ணெய். தளும்பிவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்திருக்கிறார்.

என் பிள்ளைகளெல்லாம் வளர்ந்து தாடி வைத்தாகிவிட்டது. இந்தக் கிண்ணத்தை இன்று யாருக்குக் கொடுப்பேன்? கதவைச் சாத்திவிடலாம் என்றுதான் முதலில் கை போயிற்று. அப்புறம் அவர் கையைப் பார்த்தேன். அளந்தே ஊற்றிப் பழகின கை.

"எனக்கு வேணாம் மச்சான்" என்றேன். "கொண்டுபோய் ஜாடியில ஊத்துங்க. காய் குடிக்கும்."

அவர் தலையசைத்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் திரும்பப் படியேறிப் போனார்.